சிவப்பு நூல் போட்ட திண்டுகள்

சின்னவள் குனிந்து, அக்காவின் கண்களுக்கு மேல் இருந்த, விதை அடைத்த சின்னக் குளிர்த்திண்டை இரண்டு விரலால் தூக்கினாள். விடிகாலையில் ஃப்ரீசரிலிருந்து எடுத்து வைத்ததாம். இப்போது அறையின் சூடுதான் அதிலும் இருந்தது. அடியில் கண்கள் மூடியிருந்தன. இமையோரம் மட்டும் கொஞ்சம் ஈரம். அது திண்டு உருகிய ஈரமா, அழுத ஈரமா என்று உற்றுப் பார்த்தாள். அழுவதற்காகத்தான் குனிந்தாள். குனிந்ததும் பார்க்கத் தொடங்கிவிட்டாள்.

அவளைச் சொல்லிக் குற்றமில்லை. இருபத்திரண்டு வருடமாகச் சட்டைத் தொழிற்சாலையில் அவள் செக்கர். மேசைக்கு வரும் ஒவ்வொரு சட்டையும் ஏதோ ஒரு தப்பை ஒளித்து வைத்திருக்கிறது என்ற எண்ணத்தோடுதான் கையில் எடுப்பாள். பெரும்பாலும் ஒளித்துத்தான் வைத்திருக்கும். சந்தேகப்படுவதற்குத்தான் அவளுக்குச் சம்பளம். வேலை முடிந்து வந்த பிறகும் அதை அவளால் கழற்றி வைக்க முடிவதில்லை.

"எத்தனை மணிக்கு?" என்று கேட்டாள், நிமிராமல்.

"ஆறரை இருக்கும்," என்றார் அக்காவின் கணவர்.

கதவை ஒட்டி நின்றிருந்தார். ஆறடி உயரம், எந்த அறையிலும் நிற்க இடம் தேடுகிற மனிதர். லிஃப்ட் மெக்கானிக். மூன்று வருடத்துக்கு முன், நாற்பத்தாறு வயதில், அக்கா யாரையும் கேட்காமல் அவரைக் கல்யாணம் செய்துகொண்டாள். ஓர் ஆபீஸ் கட்டடத்துக்குத் தான் தைத்து விற்கும் திண்டுகளைக் கொடுக்கப் போன இடத்தில் லிஃப்ட் நடுவழியில் நின்றுபோய், நாற்பது நிமிடம் கழித்து இவர்தான் கதவைத் திறந்தாராம். திறக்கும்வரை வெளியே நின்று 'பயப்படாதீங்க, பயப்படாதீங்க' என்று சொல்லிக்கொண்டே இருந்தாராம். அதற்கப்புறம் அவ்வளவு வார்த்தை அவர் வாயிலிருந்து வந்து யாரும் கேட்டதில்லை. அவருக்கும் பட்டனை அழுத்தினால்தான் கதவு திறக்கும் என்று சின்னவள் கேலி செய்வாள். நாலு பேர் முன்னால் அத்தான் என்பாள். மற்ற நேரத்தில் எதுவும் சொல்லிக் கூப்பிடாமலே காரியத்தை முடித்துக்கொள்வாள்.

"போன்ல ஆறு மணின்னீங்க."

அவர் யோசித்தார். "ஆறு... ஆறரை."

அந்த அரை மணி நேரத்தை அவள் மனதுக்குள் தனியாக எடுத்து வைத்தாள்.

மீதியை அவரிடமிருந்து பிடுங்கித்தான் எடுக்க வேண்டியிருந்தது. ஐந்தரை மணிக்கு அக்கா விழித்திருக்கிறாள். தலை கனக்கிறது என்று திண்டு கேட்டிருக்கிறாள். இவர் எடுத்து வைத்துவிட்டு டீ போடப் போயிருக்கிறார். டம்ளரோடு திரும்பி வந்தபோது முடிந்துவிட்டது. டாக்டருக்குச் சொல்லியாகிவிட்டது; அவர் கிளினிக்கை முடித்துக்கொண்டு பன்னிரண்டு மணிக்கு வந்து பார்த்துச் சான்றிதழ் எழுதித் தருவார். அதற்குப் பிறகுதான் மற்றதெல்லாம்.

மணி பத்தேகால். கட்டிலுக்கு அந்தப் பக்கம் எதிர்வீட்டு டீச்சர் நாற்காலியில் உட்கார்ந்து மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தாள். நல்ல மனுஷி, வாயில் எதுவும் தங்காது. தனியாக நின்று இந்த மனிதர் என்ன பாடுபட்டிருப்பார், தான் எட்டிப் பார்ப்பதற்குள் விரிப்பு, தலையணை உறை, அக்கா போட்டிருந்த உடுப்பு எல்லாவற்றையும் துவைத்தே போட்டுவிட்டார் என்று பெருமையாகச் சொன்னாள். சின்னவள் எழுந்து பின்பக்கம் போய்ப் பார்த்தாள். கொடியில் எல்லாம் சொட்டிக்கொண்டிருந்தன. பெண்டாட்டி செத்துக் கிடக்கும்போது எவன் முதல் வேலையாகத் துணி துவைப்பான் என்று அவளுக்குச் சுரீரென்றது.

திரும்பி வந்து மாத்திரை டப்பாவைத் திறந்தாள்.

போன வருடம் அக்காவின் இதயம் பலவீனமாக இருக்கிறது என்று தெரிந்த நாளிலிருந்து அந்த டப்பா சின்னவளின் ஆட்சியில் இருந்தது. தினம் காலையில் ஒரு வெள்ளை மாத்திரை. மாதா மாதம் இரண்டு பஸ் மாறிப் போய் அவளே வாங்கி வருவாள். சாயங்காலம் போன் செய்து 'போட்டாச்சா?' என்பாள். ஞாயிற்றுக்கிழமை நேரில் வந்து அட்டையை எண்ணுவாள். அக்கா கேட்பதற்கு முன்பே டப்பாவை நீட்டிவிட்டு, "எண்ணிக்கோங்க ஆபீசர்" என்று சிரிப்பாள். ஒரு தடவை எண்ணிக்கையில் ஒன்று உதைத்தது என்று குப்பைத் தொட்டியையே கவிழ்த்துப் போட்டுத் தேடினாள் சின்னவள். அது கட்டிலுக்கடியில் கிடந்தது.

இன்று எல்லாம் சரியாக இருந்தது. நேற்று வரைக்கும் கிழிக்கப்பட்டிருந்தது. இன்றிலிருந்து முழுசாக இருந்தது. ஒன்று கூடவும் இல்லை, ஒன்று குறையவும் இல்லை. ஆறு, ஆறரை என்று உளறுகிற மனிதரின் வீட்டில் மாத்திரை மட்டும் இவ்வளவு சுத்தமாக இருப்பது அவளுக்குப் பிடிக்கவில்லை. ஒரு குறையும் தெரியாத சட்டையைத்தான் அவள் இரண்டாவது தடவை கையில் எடுப்பாள்.

தண்ணீருக்காகச் சமையலறைக்குப் போனாள். அங்கே பாதி இடம் அக்காவின் தொழிலுக்குத்தான். ஜன்னலோரம் தையல் மெஷின். அலமாரியில் கண்ணாடி ஜாடிகள்: ஆளி விதை, லாவெண்டர், காய்ந்த புதினா, எலுமிச்சைத் தோல், ரோஜா இதழ், கொஞ்சமாகக் கிராம்பு. மெல்லிய பருத்தித் துணியை ஒரு சாண் நீளத்துக்குப் பையாகத் தைத்து, விதையையும் வாசனையையும் கலந்து நிரப்பி, வாயைக் கையால் மூடித் தைத்துவிடுவாள். ஃப்ரீசரில் அரைமணி வைத்துக் கண்மேல் போட்டுக்கொண்டு படுத்தால் நாள் முழுக்கக் கத்திக் களைத்தவருக்கும் தூக்கம் வரும் என்று வாங்குகிறவர்கள் சொன்னார்கள். எதில் எத்தனை பங்கு என்று அக்கா எழுதி வைத்ததில்லை. மூக்கால் அளப்பாள். கலந்துகொண்டே முகர்வாள், தலையை ஆட்டுவாள், இன்னொரு சிட்டிகை போடுவாள்.

சின்னவள் ஃப்ரீசரைத் திறந்தாள். திண்டுகள் அடுக்கி இருந்தன. வெள்ளை நூலால் மூடியவை ஒரு பக்கம், சிவப்பு நூலால் மூடியவை ஏழெட்டு இன்னொரு பக்கம். அவள் கை தானாகவே போய் ஒவ்வொன்றாக அமுக்கிப் பார்த்தது. ஆளி விதை வழுவழுவென்று விரலுக்கடியில் நழுவும். சில்லென்று ஒழுகி ஓடும். வெள்ளை நூல் திண்டுகள் எல்லாம் அப்படித்தான் ஓடின. சிவப்பு நூலில் முதலாவதை அமுக்கியபோது ஏதோ நெருடியது.

இன்னும் கொஞ்சம் அமுக்கினாள். கல் மாதிரி, ஆனால் கல் இல்லை. மெஷின்மேல் அக்காவின் கத்தரிக்கோல் கிடந்தது. அது இடதுகைக்காரர்களுக்கான கத்தரிக்கோல். சின்னவளின் வலது கையில் துணியை வெட்டாமல் மென்றது. கடைசியில் காய்கறிக் கத்தியை எடுத்து நடுத்துணியிலேயே கீறினாள். விதைகள் தட்டில் சரிந்தன. அவற்றோடு மாத்திரைகளும் விழுந்தன. வெள்ளை மாத்திரைகள், நடுவில் கோடு போட்டவை. சில ஓரம் உதிர்ந்து மாவாகியிருந்தன. அவள் இரண்டு பஸ் மாறிப் போய் வாங்கி வந்தவை.

எண்ணினாள். பதினான்கு இருந்தன. இரண்டு வாரத்து மாத்திரை.

 ஃப்ரிட்ஜ் கதவை மூடினாள். பிறகு விறுவிறுவென்று படுக்கையறைக்குப் போய், காலையில் அக்காவின் கண்மேல் இருந்த திண்டை எடுத்துப் பார்த்தாள். அதிலும் சிவப்பு நூல்தான். அமுக்கினாள். அதிலும் நெருடியது. டீச்சர் என்ன என்று கேட்பதற்குள் சமையலறைக்குத் திரும்பிவிட்டாள்.

எல்லாம் பொருந்தி வந்தது. மாத்திரையைக் கையில் கொடுப்பது அவர்தான். காலையில் வேலைக்குப் போகுமுன் தண்ணீரோடு நான் கொடுத்துவிடுகிறேன் என்று அவரே ஒத்துக்கொண்டது. அட்டையை ஒழுங்காகக் கிழித்திருக்கிறார். குப்பையில் போட்டால் இவள் கண்டுபிடித்துவிடுவாள் என்று தெரிந்து இப்படி ஒளித்திருக்கிறார். அந்தத் தையலைப் பார்த்தாலே தெரிந்தது. அக்காவின் கைத்தையல் எறும்பு வரிசை மாதிரி இருக்கும்; இது ஒன்று நீளம், ஒன்று குட்டை, இடையில் ஒரு முடிச்சு. பொம்பளை தைத்த தையலே இல்லை. அதைப் போய் அவள் கண்மேலேயே தூக்கி வைத்திருக்கிறாரே என்று நினைத்தபோதுதான் சின்னவளுக்கு அழுகை வந்தது. அதுவும் கோபத்தில் வந்த அழுகை.

"இங்க கொஞ்சம் வாங்க," என்று கூப்பிட்டாள்.

மெக்கானிக் சமையலறை வாசலில் தலையைக் குனிந்து உள்ளே வந்தார். அவள் தட்டை அவர் பக்கம் நகர்த்தினாள். அவர் பார்த்தார். ஆச்சரியப்படவில்லை. அதில்தான் அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"தெரியுமா இது?"

"தெரியும்."

"எத்தனை நாளா?"

"மூணு மாசத்துக்கு மேல இருக்கும்."

அவர் மறுப்பார், சத்தம் போடுவார், அவளும் பதிலுக்குப் போடலாம் என்று இருந்தவளுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. குரலைத் தாழ்த்திக்கொண்டாள். டாக்டர் வந்ததும் தட்டை அவர் முன்னால் வைக்கப் போவதாகச் சொன்னாள். சான்றிதழில் அவர் கையெழுத்துப் போட மாட்டார், பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புவார்கள், போலீஸ் வந்து ஆறு மணியா ஆறரை மணியா என்று கேட்கும், அப்போது யோசித்து யோசித்துச் சொல்ல முடியாது என்றாள். சொல்லச் சொல்ல அவளுக்கே மூச்சு வாங்கியது.

அவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். பிறகு ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"அவளைக் கீறுவாங்களா?"

"கீறித்தான் பார்ப்பாங்க."

அவர் தட்டிலிருந்து ஓர் ஆளி விதையை விரலில் ஒட்டி எடுத்துப் பார்த்தார். "சரி, சொல்லுங்க," என்றார். போய் மறுபடியும் அந்தக் கதவோரமே நின்றுகொண்டார்.

பதினொன்றேகால். சின்னவள் மிச்சமிருந்த சிவப்பு நூல் திண்டுகளை எல்லாம் வெளியே எடுத்து மெஷின் மேசையில் வரிசையாக வைத்தாள். டாக்டருக்கு ஒன்று போதாது. எல்லாவற்றையும் காட்ட வேண்டும். வித்தியாசம் தெரியட்டும் என்று வெள்ளை நூல் திண்டு ஒன்றையும் பக்கத்தில் வைத்தாள். தொழிற்சாலையில் அப்படித்தான். நல்லதையும் கெட்டதையும் அருகருகே வைத்தால்தான் மேனேஜருக்குப் புரியும்.

வைத்துவிட்டுப் பார்த்தவள், இன்னும் கிட்டத்தில் குனிந்து பார்த்தாள்.

கையால் ஓரத்தைச் சுற்றித் தைக்கும்போது நூல் நேராக விழாது, சாய்ந்துதான் விழும். வலது கைக்காரர் தைத்தால் ஒரு பக்கம் சாயும், இடது கைக்காரர் தைத்தால் எதிர்ப்பக்கம் சாயும். தொழிற்சாலையில் ஆயிரம் தையலுக்கு நடுவில் இடது கைத் தையலைச் சின்னவள் தூரத்திலிருந்தே சொல்லிவிடுவாள். வெள்ளை நூல் எதிர்ப்பக்கம் சாய்ந்திருந்தது. அது அக்கா தைத்தது, சந்தேகமில்லை. சிவப்பு நூல்களைப் பார்த்தாள். நீளமும் குட்டையுமாக, தடுமாறித் தடுமாறிப் போயிருந்தாலும், அவையும் ஒன்று விடாமல் எதிர்ப்பக்கம்தான் சாய்ந்திருந்தன.

முதலில் சாய்வைப் பார், பிறகு நீளத்தைப் பார். இது அவள் வேலையின் அரிச்சுவடி. நீளத்தை மட்டும் பார்த்துவிட்டு ஒரு மனிதனைக் கொலைகாரன் ஆக்கியிருந்தாள்.

ஆனாலும் அவள் உடனே நம்பிவிடுகிற ஆள் இல்லை. அவரும் இடது கைக்காரராக இருக்கலாமே? மூன்று வருடத்தில் அவர் எந்தக் கையால் சாப்பிடுகிறார் என்று அவள் கவனித்ததே இல்லை. அது அவளுக்கே வெட்கமாக இருந்தது. ஊசியில் சிவப்பு நூல் கோத்து, இரண்டு துண்டுத் துணியைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு மறுபடியும் அவரைக் கூப்பிட்டாள்.

"இதோட ஓரத்தைத் தைங்க."

அவர் புரியாமல் பார்த்தார்.

"தைங்களேன். கொஞ்சம் போதும்."

ஏன் என்று அவர் கேட்கவில்லை. மெஷின் ஸ்டூலில் உட்கார்ந்து, அந்தப் பெரிய விரல்களுக்கு நடுவே ஊசியைத் தேடிப் பிடித்தார். வலது கையில் பிடித்தார். கேபிள் இழுக்கிறவர் மாதிரி நூலை முழங்கை நீளத்துக்கு இழுத்தார். மூன்றாவது குத்தில் விரலைக் குத்திக்கொண்டார். வாயில் வைத்து உறிஞ்சிவிட்டு நான்காவதைப் போட்டார். அடுத்த அறையில் பெண்டாட்டி கிடக்க, கொழுந்தி சொன்னாள் என்று அந்த மனிதர் தைத்துக்கொண்டிருந்தார். நூல் ஒழுங்காக மற்றப் பக்கம் சாய்ந்தது.

சின்னவள் துணியை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள்.

"அவதான் தைச்சாளா?"

"ம்."

"அக்கா இப்படித் தைக்க மாட்டாளே."

"விரல் வீங்கிப் போச்சு. உங்களுக்குக் காட்ட மாட்டா. நீங்க வர்ற ஞாயித்துக்கிழமையில கையைத் துணிக்கடியில வச்சிருப்பா."

அவள் எதிரே இருந்த முக்காலியில் உட்கார்ந்தாள். அவரும் எழுந்து போகவில்லை. இந்த முறை எதையும் அழுத்த வேண்டியிருக்கவில்லை. மெதுவாக, இடம் விட்டு விட்டு அவரே சொன்னார். மாத்திரை தொடங்கிக் கொஞ்ச நாளிலேயே அக்காவுக்கு மூக்கு மரத்துப்போயிற்று. லாவெண்டரும் தெரியவில்லை, கிராம்பும் தெரியவில்லை. கலந்ததை இவரிடம் நீட்டி எப்படியிருக்கு என்று கேட்பாள். இவருக்கு எல்லாமே நல்லாத்தான் இருந்தது. வாங்கினவர்களில் இரண்டு பேர் முன்ன மாதிரி இல்லை என்று சொன்ன நாளில் அக்கா சாப்பிடவே இல்லை. கொஞ்ச நாள் கழித்து மாத்திரையை நிறுத்திவிட்டாள்.

"போடு போடுன்னு கெஞ்சினேன். சண்டையும் போட்டேன். கேக்கலை. அப்புறம் விட்டுட்டேன்." அவர் குத்துப்பட்ட விரலைப் பார்த்தார். "விட்டிருக்கக் கூடாது."

"என்கிட்ட சொல்லியிருக்கலாமே."

"சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கினா."

"தூக்கி எறிஞ்சிருந்தா எனக்குத் தெரிஞ்சே இருக்காதே. எதுக்கு உள்ள வச்சுத் தைக்கணும்?"

"எறிய மனசு வரலை. தங்கச்சி ரெண்டு பஸ் மாறிப் போய் வாங்கிட்டு வர்றா, எறியக் கூடாதுன்னா. இதுல போட்டுத் தைச்சுட்டு, உள்ள போனாத்தான் வேலை செய்யணுமா, மேல வச்சாலும் செய்யட்டும்னு சிரிப்பா. சிவப்பு நூல் விக்கறதுக்கு இல்லை, அவளுக்கு."

சின்னவள் தட்டில் இருந்த மாத்திரைகளை விதையிலிருந்து பிரித்துக்கொண்டிருந்தாள். எதற்குப் பிரிக்கிறோம் என்று அவளுக்கே தெரியவில்லை. டாக்டரிடம் போய்ச் சொல்லியிருந்தால் வேறு ஏதாவது வழி செய்திருப்பாரே, அதையாவது செய்திருக்கலாமே என்றாள்.



"போனா. சொல்லணும்னுதான் போனா," என்றார். "அன்னிக்கு நீங்களும் கூடப் போயிருந்தீங்க."

  சின்னவளுக்கு டாக்டரின் அறை அப்படியே ஞாபகம் வந்தது. இரண்டு நாற்காலி, அக்காவின் மடியில் கைப்பை. மாத்திரையால ஏதாவது தொந்தரவு இருக்கா என்று டாக்டர் கேட்டார். அக்கா வாயைத் திறந்தாள். அதற்குள் சின்னவள், "ஒண்ணும் இல்ல டாக்டர், நல்லா இருக்கா, ஒரு நாள்கூட விடலை" என்று சொன்னாள். பெருமையாகத்தான் சொன்னாள். திரும்பி வரும்போது பஸ்ஸில் அக்கா வாசனையே தெரியலைடி என்றாள். மூக்கு போனா உயிரா போயிடும் என்று இவள் கேட்டாள். அக்கா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். இறங்கும்வரை பேசவில்லை, இவளும் அதைப் பெரிசாக எடுத்துக்கொள்ளவில்லை.

காலையிலிருந்து யாரையெல்லாம் சந்தேகப்படலாம் என்று அலைந்தவளுக்குத் தன் பக்கம் பார்க்கத் தோன்றவே இல்லை.  அக்கா பயந்திருக்கிறாள். நோய்க்குப் பயந்ததைவிடத் தங்கைக்குப் பயந்து, வீங்கிய விரலால் குத்திக் குத்தி ஒளித்து வைத்திருக்கிறாள்.

"நிறுத்தின பிறகு மூக்கு வந்துச்சா?" என்று கேட்டாள். அதையாவது தெரிந்துகொள்ள வேண்டும்போல இருந்தது.

"ரெண்டு மூணு வாரத்துல வந்துடுச்சு. ஒருநாள் காலையில டீ வாசனை வருதுன்னு படுக்கையிலேயே அழுதா." அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "இன்னிக்கும் நான் இங்க நின்னுட்டு எதையோ யோசிச்சிட்டிருந்தேன். பால் அடிபிடிக்குது பாருங்கன்னு அங்கயிருந்து சொன்னா. அடுப்பை அணைச்சு, டீயை ஊத்திக்கிட்டுப் போனேன். அவ்வளவுதான். அப்போ ஆறு மணி. அரை மணி நேரம் பக்கத்துல உட்கார்ந்திருந்தேன். யாரையும் கூப்பிடத் தோணலை. அப்புறம் விரிப்பு நனைஞ்சிருந்தது. யாரும் பார்க்கிறதுக்கு முன்னாடி மாத்திடலாம்னு..."

சின்னவள் சரி என்று தலையாட்டினாள். அதற்குமேல் கேட்கப் பிடிக்கவில்லை.

பன்னிரண்டு அடித்துக் கொஞ்ச நேரத்தில் வாசலில் ஸ்கூட்டர் சத்தம் கேட்டது. டாக்டர் ஹெல்மெட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு உள்ளே வந்தார். முப்பது வயதுப் பெண். எப்போதும் அடுத்த இடத்துக்கு நேரமாகிவிட்டவரைப் போலவே நடப்பார். எதிர்வீட்டு டீச்சர் எழுந்து நாற்காலியைக் கொடுத்துவிட்டு வெளியே போனாள். டாக்டர் அக்காவின் கையைத் தொட்டார், இமையைத் தூக்கி டார்ச் அடித்தார், ஸ்டெதஸ்கோப்பை நெஞ்சில் வைத்துத் தேவைக்கு அதிகமாகவே நேரம் எடுத்துக்கொண்டார். விரல்களைத் திருப்பிப் பார்த்தபோது மட்டும் புருவம் சுருங்கியது. பிறகு உட்கார்ந்து பையிலிருந்து படிவத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

மெக்கானிக் கதவோரம் நின்றிருந்தார். சின்னவள் கட்டிலின் கால்மாட்டில் நின்றாள். சமையலறையில், மெஷின் மேசையில் திண்டுகள் வரிசையாக இருந்தன. தட்டும் அங்கேயே இருந்தது. அங்கே போய் எடுத்துவர நாலு அடிதான்.

"மாத்திரையெல்லாம் விடாம போட்டாங்களா?" டாக்டர் எழுதிக்கொண்டே கேட்டார். வழக்கமான கேள்வி.

மெக்கானிக் தரையைப் பார்த்தார். சின்னவள் அவரைப் பார்த்தாள். அவர் வாயைத் திறக்கப் போவதில்லை, யாரையும் காட்டிக் கொடுக்கப் போவதில்லை என்று தெரிந்தது. இவள் என்ன சொன்னாலும் வாங்கிக்கொண்டு அப்படியே நிற்பார். போட்டா என்று சொல்லலாம். அதுவும் சுலபம்தான்.

"இல்ல டாக்டர்," என்றாள். "மூணு மாசமா போடலை. வாசனை தெரியலைன்னு அவளே நிறுத்திட்டா."

பேனா நின்றது. டாக்டர் நிமிர்ந்து இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"வீட்டில யாருக்குத் தெரியும் இது?"

"எங்க ரெண்டு பேருக்கும் தெரியும்," என்றாள் சின்னவள்.

மெக்கானிக்கின் தலை நிமிர்ந்தது. அவள் அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

டாக்டருக்குக் கோபம் வந்தது; வயதுக்கு மீறி அடக்கிக்கொண்டார். சிலருக்கு அந்த மாத்திரை அப்படிச் செய்யும் என்றார். "என் எதிர்லதானே உட்கார்ந்திருந்தாங்க? ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அன்னைக்கே வேற எழுதியிருப்பேன். வேற மாத்திரை இருக்கே."

 வேற மாத்திரை இருக்கே என்பது மட்டும் சின்னவளின் காதில் திரும்பத் திரும்ப ஓடியது. கட்டிலின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். நான்தான் சொல்ல விடலை என்று சொல்ல வாயெடுத்தாள்.

"அவளுக்குப் பிடிவாதம் டாக்டர்," என்றார் மெக்கானிக், சற்றுச் சத்தமாகவே. "யார் சொன்னாலும் கேக்க மாட்டா. இவங்க எவ்வளவோ பார்த்தாங்க."

டாக்டர் கொஞ்ச நேரம் பேனாவின் மூடியைத் திருகிக்கொண்டிருந்தார். ஏற்கெனவே ரொம்பப் பலவீனமான இதயம்தான் என்றார், தனக்கே சொல்லிக்கொள்வது மாதிரி. பிறகு எழுதினார். கையெழுத்துப் போட்டு, இன்னொரு தடவை படித்துப் பார்த்து, காகிதத்தை நீட்டினார். வாங்கிக்கொள்ள இரண்டு பேருமே கையை நீட்டவில்லை. கடைசியில் படுக்கைமேல் அக்காவின் பக்கத்தில் வைத்துவிட்டு எழுந்தார்.

சின்னவளும் மெக்கானிக்கும் வாசல்வரை கூடப் போனார்கள். வெயில் ஏறியிருந்தது. சமையலறைக் கதவு திறந்திருந்ததில் காற்று வீடு முழுக்கப் புகுந்து, லாவெண்டரும் கிராம்புமாக வாசலுக்கு வந்தது. டாக்டர் படி இறங்கி, ஸ்கூட்டரில் சாவியைப் போட்டு, ஹெல்மெட்டைத் தலைக்குமேல் தூக்கினார். தூக்கியவர் மாட்டவில்லை. அதை அப்படியே பிடித்துக்கொண்டு, வீட்டுப் பக்கம் லேசாகத் திரும்பி, ஒரு தடவை மூச்சை நன்றாக இழுத்தார். பிறகு இன்னொரு தடவை.